முற்றமும் அமிழ்தும்

திருக்குறளின் 72ஆம் அதிகாரமாகிய அவையறிதல் ஓர் உவமையோடு முடிகின்றது. தம் இனத்தார் அல்லாதார் கூடிய இடத்தில் அரும்பொருளை எடுத்துரைப்பது, தூய்மையற்ற முற்றத்தில் அமிழ்தத்தைச் சிந்துவதை ஒக்கும் என்பது அக்குறளின் கருத்து. பரிமேலழகர் இதற்கு, அத்தகைய அவையில் ஒன்றையும் சொல்லற்க என்று பொருள் கண்டார். அவருக்குப் பின் வந்தோர் பலரும் அவ்வழியே சென்றனர். ஒவ்வாத கூட்டத்தில் வாய்திறவாமையே அறிவு என்னும் எண்ணம் தமிழ்க் கற்றோரிடையே வேரூன்றி நிற்பதற்கு இவ்வுரையும் ஒரு காரணம் எனலாம்.

ஆயினும் அந்த உவமையுள் ஒரு வினா மறைந்து கிடக்கின்றது. அமிழ்தம் வீணானது முற்றம் தூய்மையற்றிருந்தமையால். முற்றம் என்றும் அவ்வாறே கிடக்க வேண்டுவதில்லை, பெருக்கினால் தூய்மையாகும். பெருக்குவார் யார் என்பதே வினா. அரசவையில் அமைச்சன் நடந்துகொள்ளும் முறையைச் சொல்லவந்த வள்ளுவர்க்கு இவ்வினாவிற்குள் புகவேண்டிய தேவை இல்லை. மணிமேகலை ஆசிரியர்க்கு அத்தேவை இருந்தது.

முரசறைவோன் சொன்ன முறை

உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்து வெளியிட்ட அக்காப்பியத்தின் முதற்பகுதி விழாவறை காதை. புகார் நகரில் இந்திரவிழா நிகழவிருப்பதை யானையின் பிடரில் முரசேற்றி ஊரார்க்கு அறிவிக்கின்றான் முரசறைவோன். அவன் அறிவிப்பில் பெரும்பகுதி வீட்டு வேலையைப் பற்றியதே ஆகும். தோரணம் நாட்டுக, வாழையும் கரும்பும் நடுக, கொடி ஏற்றுக, தெருவில் கிடக்கும் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்புக என்று அடுக்கிக்கொண்டே செல்கின்றான். அந்த அடுக்கிலேயே, இடையறவு இன்றி, சமயவாதிகளுக்கும் ஒரு கட்டளை வருகின்றது. பட்டிமண்டபத்தின் முறைமையை அறிந்து ஏறுக என்கின்றான். பகைவரோடு எதிர்ப்பட நேர்ந்தாலும் சினமும் பூசலும் விளைக்காது விலகிச் செல்க என்றும் அறிவிக்கின்றான்.

இப்பகுதியை விழாவின் அழகைக் காட்டும் வருணனையாக மட்டும் படித்துச் செல்வது வழக்கம். கட்டளைகள் நின்ற வரிசையைக் கூர்ந்து நோக்கினால் அதன் பொருள் ஆழ்ந்து தோன்றும். மணல் மாற்றுவதும் வாதம் நடத்துவதும் ஒரே குரலில், ஒரே முரசின் கீழ் அறிவிக்கப்படுகின்றன. இரண்டும் நகரத்தின் பொது வேலைகள். மேலும், முரசறைவோன் யாரையும் வாய்மூடச் சொல்லவில்லை. புறச்சமயத்தான் வரலாகாது என்றும் தடுக்கவில்லை. ஏறும்போது முறையறிந்து ஏறுவதும், சினம் மூளுமிடத்துப் பூசலின்றி அகல்வதும் மட்டுமே அவன் விதிக்கும் ஒழுங்கு.

வள்ளுவர் காட்டுவது தன்னினத்தார் கூடிய அவை. சாத்தனார் காட்டுவது பல சமயத்தார் கூடிய மன்றம். தன்னினத்தார் மட்டும் கூடும் இடத்தில் ஒழுங்கைத் தனியே அறிவிக்க வேண்டுவதில்லை. அஃது அவர்தம் பழக்கத்திலேயே இருக்கும். வேறுபட்டார் கூடுமிடத்தில்தான் முரசறைய வேண்டும். பேச்சு எவ்வளவிற்கு விரிகின்றதோ அவ்வளவிற்கு முற்றத்தைப் பேணும் வேலையும் பெருகும்.

மற்றொன்று விரித்தல்

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்தார். அவற்றுள் ஒன்று மற்றொன்று விரித்தல். எடுத்துக்கொண்ட பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்கிச் சொல்வது நூலுக்குக் குற்றமே, ஐயமில்லை. உரையாடலுக்கும் அது குற்றமாகுமா? ஒரு குறளைப் பற்றித் தொடங்கிய பேச்சு அக்குறளில் வரும் ஒரு சொல்லின் வழக்கிற்குத் தாவி, அங்கிருந்து உழவுக்கும் உணவுக்கும் சென்று, மீண்டும் குறளுக்கு வரும்போது பொருள் புதிதாக விளங்குவதை நல்ல கூட்டங்களில் இருந்தோர் அறிவர். நூலில் குற்றமாவது பேச்சில் குணமாவதும் உண்டு. மீண்டு வருதல் ஒன்றே அதற்கு வேண்டியது.

அதே பாயிரம் எழுவகை மதத்தையும் கூறுகின்றது. பிறர் கருத்திற்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தன் கருத்தைத் தானே நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதல், பிறர் நூலிற் குற்றம் காட்டல், பிறவற்றோடு கலவாது தன் கொள்கையில் நிற்றல் என்பன அவை. மறுத்தலும் குற்றம் காட்டலும் உடன்படலோடு ஒருங்கே எண்ணப்பட்டமை நினைவிற் கொள்ளத்தக்கது. மறுப்பவன் பகைவன் என்னும் எண்ணம் தமிழ் மரபிற்கு உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வட்டத்தொட்டி

இம்மரபு அண்மைக் காலத்தில் தழைத்த இடம் ஒன்றை நோக்குவோர்க்குத் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்த வீடு தோன்றும். 1920களில் அங்குக் கூடிய நண்பர் குழு அவ்வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டினால் வட்டத்தொட்டி என்னும் பெயர் பெற்றது. கம்பர் பாடல் ஒன்றில் தொடங்கும் பேச்சு எங்கெங்கோ சென்று திரும்பும். தலைவரும் இல்லை, தீர்மானமும் இல்லை. ஆயினும் பேச்சைப் பாட்டின்பால் மீட்டுக்கொணரும் ஒருவர் அங்கு இருந்தார். விருந்தோம்பியவரே ஒழுங்கையும் காத்தார். வள்ளுவரின் உவமையில் வரும் முற்றத்திற்கு மாறாக, இங்கே தூய்மை செய்யப்பெற்ற முற்றம் ஒன்று இருந்தது எனலாம்.

இதன் குறையும் மறைக்கத்தக்கதன்று. வட்டத்தொட்டிப் பேச்சை அன்றன்றே குறித்துவைத்தவர் இல்லை. 1954இல் டி.கே.சி. மறைந்தபின் எஞ்சியவை அவர் கட்டுரைகளும், நண்பர்க்கு எழுதிய கடிதங்களும், கேட்டோரின் நினைவுக் குறிப்புகளுமே. ஒருவரை நம்பி நிற்கும் முற்றம் அவரோடு மறையும் என்பது இதனால் விளங்குகின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

இந்த மரபு கடல்கடந்து மலாயாவிற்கு வந்தபோது முற்றத்தின் இயல்பே மாறியது. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருப்புப்பாதைத் தொழிலாளரும், இலங்கையிலிருந்து வந்த எழுத்தர்களும் அருகருகே குடியிருந்தனர். கிள்ளானைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்மரம் சீவியோர் வாழ்ந்தனர். நகரக் கடைத்தெருக்களில் தமிழ் முஸ்லிம் வணிகர் இருந்தனர். பெட்டாலிங் ஜெயாவோ கோலாலம்பூரின் நெருக்கடியைக் குறைப்பதற்காக 1950களின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டமாயிருந்த நிலத்தில் எழுந்த புதுநகர். அங்குப் பரம்பரைத் தொட்டிக்கட்டு வீடும் இல்லை. ஊர்ப் பொதுமன்றமும் இல்லை. பள்ளி மண்டபத்திலும் கோயில் மண்டபத்திலும் தேநீர்க் கடையிலும் முற்றத்தைப் புதிதாக உண்டாக்கவேண்டியிருந்தது. இது வள்ளுவர் கூறிய தன்னினத்தார் அவையன்று; சாத்தனாரின் புகாரை ஒத்த மன்றம்.

இம்மன்றத்தில் முதலில் புதுமணல் பரப்பியது நாளிதழே ஆகும். 1924இல் தோன்றிய தமிழ் நேசன், 1950–51இல் சுப. நாராயணனையும் பைரோஜி நாராயணனையும் கொண்டு கதை வகுப்பு நடத்தியது. சிறுகதை எழுதும் முறை பாடமாக அச்சாயிற்று. வாசகர் பயிற்சி எழுதி அனுப்பினர். அவர்தம் குறைகளும் நிறைகளும் வெளிப்படையாக எடுத்துரைக்கப்பட்டன. தோட்டத்து இளைஞரும் நகரத்து ஆசிரியரும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டமையே அதன் சிறப்பு. போருக்குப் பின் வந்த மலேசிய எழுத்தாளர் தலைமுறையின் வரலாற்றை எழுதுவோர் இவ்வகுப்பைக் குறிப்பிடாது செல்வதில்லை. பேச்சின் அகலம் இங்குக் குறைவு, ஒழுங்கு மிகுதி. ஆயினும் அந்த ஒழுங்கு அச்சில் நின்றது.

அதன்பின் 1950களின் நடுவில் தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டினார். இடைசெவலில் பிறந்த அவர் டி.கே.சி.யின் ரசனை மரபை அறிந்தவர். கதைகளை எடுத்துவைத்துத் தயக்கமின்றி விவாதிக்கும் வழக்கம் அவ்வட்டத்தால் வலுப்பெற்றது. கதை வகுப்பில் ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டனர்; வட்டத்தில் எழுதினவரும் படித்தவரும் ஒருங்கே இருந்து பேசினர். ஒன்று இல்லையேல் மற்றொன்று இவ்வளவு பயன் தந்திராது.

மூன்றாவதாகக் கருதற்பாலது 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நிகழ்ந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. பெட்டாலிங் ஜெயாவின் எல்லையில் அமைந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய தனிநாயகம் அடிகள் அதற்கு உயிராயிருந்தார். மொழியியலாரும் வரலாற்றாசிரியரும் புலவரும், தமிழ் தாய்மொழியல்லாத அறிஞரும் ஒரு கூரையின்கீழ் அமர்ந்தனர். அங்கு ஒழுங்கு முதன்மை பெற்றது. கட்டுரைகள் வகைப்படுத்தப்பட்டன, நேரம் வரையறுக்கப்பட்டது, பின்னர்க் கட்டுரைத் தொகுதிகள் அச்சாயின. அரை நூற்றாண்டு கழிந்தும் ஒருவர் அத்தொகுதியை விரித்து, அன்று சொன்னதை இன்று மறுக்க முடியும். மறுக்க முடிவதே ஒரு பேச்சு உயிரோடிருப்பதற்கு அடையாளம்.

ஒழுங்கு சடங்கானபோது

இன்று அப்பள்ளத்தாக்கில் நிகழும் இலக்கியக் கூட்டம் ஒன்றன் அழைப்பிதழை எடுத்து நோக்கினால் ஒழுங்கிற்குக் குறைவில்லை என்று தோன்றும். இறைவணக்கம், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, திறப்புரை, முதல்நூல் பெறுதல், பொன்னாடை, நன்றியுரை, விருந்து என அனைத்தும் வரிசையாக நிற்கும். இவற்றின் இடையே நூலாய்வு என்று ஒருவரி இருக்கும். முன்னைய உரைகள் நீண்டுவிட்டால் முதலில் சுருங்குவது அவ்வொரு வரியே. கேட்போர் வினா எழுப்புவதற்குப் பல கூட்டங்களில் இடமே இல்லை.

இவ்வழக்கத்தை முற்றும் பழித்தல் நேர்மையாகாது. முதல்நூல் பெறுவோர் அளிக்கும் தொகை எழுத்தாளரின் அச்சுச் செலவை ஈடுசெய்ய உதவுகின்றது. நூல் விற்பனை அரிதான நாட்டில் அது பேருதவி. ஆயினும் உதவி செய்தவர்முன் நூலின் குறையைச் சொல்வது நன்றாகாது என்னும் தயக்கம் அதனோடு உடன்வருகின்றது. எழுவகை மதத்துள் உடன்படல் ஒன்றே மேடையில் எஞ்சுகின்றது. ஏனைய ஆறும் மண்டபத்திற்கு வெளியே, தேநீர்க் கடை மேசைக்குச் சென்றுவிடுகின்றன. அங்குப் பேச்சு விரிகின்றது, கூர்மையும் பெறுகின்றது. ஆனால் மீட்பாரும் இல்லை, குறித்துவைப்பாரும் இல்லை. சினம் மூண்டால் அகலுமாறு சொல்வாரும் இல்லை. மண்டபத்தில் மணல் உண்டு, வாதம் இல்லை; கடையில் வாதம் உண்டு, மணல் இல்லை. முரசறைவோன் ஒருங்கே அறிவித்த இரண்டும் இவ்வாறு பிரிந்து நிற்கின்றன.

இதனால் இழப்பவர் இளம் எழுத்தாளர். மேடையில் அவர் கேட்பது புகழ். கடையில் அவர் இல்லாதபோது பிறர் பேசுவது குறை. தம் கதையின் உண்மையான குறையைத் தம் முகத்தெதிரே, பலர் முன்னிலையில், பகையின்றிச் சொல்லக் கேட்கும் வாய்ப்பு அவர்க்குக் கிடைப்பதில்லை. கதை வகுப்பில் எழுதிய தோட்டத்து இளைஞர்க்கு அவ்வாய்ப்பு இருந்தது. அவ்வகுப்பை நடத்திய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனமையால் இழப்பு ஒரு பத்திரிகையின் இழப்போடு முடியவில்லை. கருத்து மாறுபாட்டை அச்சில் ஏற்றிக் காத்துவந்த பழைய முற்றங்களுள் ஒன்றும் அதனோடு போயிற்று.

ஒழுங்கு மிகுந்தால் பேச்சு உலரும் என்று அஞ்சுவோர் உண்டு. சடங்காகிய ஒழுங்கைப் பற்றியவரை அவ்வச்சம் சரியே. புகாரில் மணல் பரப்பியோர் வாதம் செய்ய வந்தவர்க்கு இன்னது பேசுக என்று சொல்லவில்லை. கால் வழுக்காது நிற்க இடம் செய்தனர். அவ்வளவே ஒழுங்கின் வேலை. அதற்குப் பெரும்பொருளும் வேண்டுவதில்லை. பேச்சு எங்குச் சென்றாலும் எடுத்த பொருளுக்கு மீட்க ஒருவர். மறுப்பவர்க்கும் அதே நேரத்தை அளந்து கொடுக்க ஒருவர். சொன்னவற்றுள் நிற்கத்தக்கதைக் குறித்து வெளியிட ஒருவர். இம்மூவரும் மேடையில் இருக்கவேண்டுவதில்லை. பொன்னாடையும் அவர்க்கு வேண்டா.

தமிழ்ப் பேச்சிற்கு அப்பள்ளத்தாக்கில் என்றும் பஞ்சமில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அரைமணி நின்றவர் அதனை அறிவர். அமிழ்தம் ஊறிக்கொண்டே இருக்கின்றது. வள்ளுவர் உவமையைக் கேட்டு அதனைச் சிந்தாது மூடிவைப்பது ஒருவழி. விளக்குமாற்றை எடுப்பது மற்றொரு வழி. பல திறத்தார் ஒருங்கு வாழும் நகரத்திற்கு ஏற்றது இரண்டாவதே என்று முரசறைவோன் முன்னரே அறிவித்துச் சென்றான்.