முப்பது விநாடி ஆறுதல்: 'பாய்லிங் பாயின்ட்' படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

'பாய்லிங் பாயின்ட்' (2021) படத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது "முழுப் படமும் ஒரே ஷாட்டாம்!" என்பதுதான். உண்மைதான். 92 நிமிடம், நடுவில் ஒரு வெட்டு கிடையாது. லண்டனில் டால்ஸ்டன் பகுதியில் இருக்கும் ஒரு நிஜ உணவகத்துக்குள்ளேயே 2020 மார்ச்சில் எடுத்தார்கள். எட்டு முறை எடுப்பதாகத் திட்டம். கொரோனா ஊரடங்கு நெருங்கிவிட்டதால் நான்கோடு நிறுத்திக்கொண்டார்கள். நாம் பார்ப்பது மூன்றாவது முறை எடுத்தது.

ஹோட்டல் தொழிலாளர்களின் மனநலம் பற்றிக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தபோது இதை இரண்டாவது தடவை பார்த்தேன். முதல் தடவை நானும் கேமராவைத்தான் பார்த்தேன். இந்தத் தடவை வேறொன்று கண்ணில் பட்டது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முடிவையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

கதை சின்னது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு. எல்லா மேஜையும் புக் ஆகியிருக்கிறது. தலைமைச் சமையல்காரர் ஆண்டி (ஸ்டீஃபன் கிரஹாம்) குடும்பத்தைப் பிரிந்து வாழ்பவர். மகன் விஷயமாக போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, வேலைக்கு லேட்டாக நுழைகிறார். உள்ளே சுகாதார அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். பதிவேடுகள் ஒழுங்காக நிரப்பப்படாததால் உணவகத்தின் மதிப்பெண் ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்குகிறது. அதற்கு மேல், ஆண்டி கடன் பட்டிருக்கும் டிவி பிரபல செஃப் ஒருவர் உணவு விமர்சகரைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்துவிடுகிறார். இயக்குநர் ஃபிலிப் பாரன்டினி நடிகராக இருந்தவர். பல வருஷம் சமையல்காரராகவும் வேலை பார்த்தவர். அந்தக் கிச்சன் சத்தம் ஆராய்ச்சி பண்ணி எழுதின சத்தம் இல்லை என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாம் தடவை நான் கவனித்தது ஆண்டியைச் சுற்றி இருப்பவர்களை. பேஸ்ட்ரி பகுதியில் ஜேமி என்ற பையன். "சட்டைக் கையை மடிச்சு விடு, சுத்தம் முக்கியம்" என்று அவனுக்கு மேலே இருக்கும் எமிலி சொல்கிறாள். அவன் தயங்குகிறான். அவளே மடித்துவிடும்போது கையில் அவன் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட தழும்புகள். அவள் ஒன்றும் கேட்காமல் கட்டிக்கொள்கிறாள். படத்திலேயே மிக மென்மையான இடம் அது. ஆனால் எவ்வளவு நேரம்? முப்பது விநாடி இருக்கலாம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிஷம். அப்புறம் வேலை. கேமரா வேறு பக்கம் போய்விடுகிறது.

பாத்திரம் கழுவும் இடத்தில் சோஃபியா என்ற கர்ப்பிணிப் பெண் தனியாக நிற்கிறாள். கூட வேலை பார்க்க வேண்டியவன் இன்னும் வரவில்லை. பரிமாறும் ஆண்ட்ரியா கறுப்பினப் பெண். ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆள் அவளிடம் மட்டும் நஞ்சாகப் பேசுகிறான், கறி வேகவில்லை என்று தட்டைத் திருப்பி அனுப்புகிறான். தட்டோடு கிச்சனுக்குள் வந்தால் அங்கேயும் அவளுக்குத்தான் திட்டு. மேலாளர் பெத் முதலாளியின் மகள். துணைச் செஃப் கார்லி எல்லார் முன்னாலும் அவளை வெளுத்து வாங்குகிறாள். கார்லியின் கோபம் நியாயமானது, சம்பள உயர்வு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள். பெத் கழிப்பறைக்குள் போய் அப்பாவுக்கு போன் போட்டு அழுகிறாள்.

இப்படி ஒரே ராத்திரியில், ஒரே கூரைக்குக் கீழே இத்தனை பேர். இதில் யாரும் கல் நெஞ்சுக்காரர்கள் இல்லை. வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஆறுதலையும் அடுத்த ஆர்டர் வந்து அறுத்துவிடுகிறது. இந்தக் கிச்சனில் அன்புக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். ஒரே ஷாட் என்ற உத்தி எனக்கு இங்கேதான் நியாயமாகப் பட்டது. கேமராவும் ஒரு தொழிலாளி மாதிரிதான் நடந்துகொள்கிறது. ஜேமியிடம் நின்று ஒரு வார்த்தை கேட்க அதற்கும் அவகாசம் இல்லை.

எனக்கு இது கொஞ்சம் சொந்த விஷயம். கேட்டரிங் படித்த காலத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றில் சில மாதம் டிரெய்னியாக இருந்தேன். பிரேக் ஷிஃப்ட் என்பார்கள். காலையில் வந்து மதியச் சாப்பாடு முடிகிற வரை, பிறகு சாயங்காலம் வந்து ராத்திரி கடைசி மேஜை எழுகிற வரை. நடுவில் மூன்று மணி நேரம். வீட்டுக்குப் போய் வர முடியாது, படுக்க இடம் இருக்காது. கணக்குப்படி அது ஓய்வு. அங்கே எனக்கு வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருநாள் ரொம்ப வாடிப்போய் இருந்தார். "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றேன். "உடம்புக்கு ஒண்ணுமில்ல தம்பி, மனசுதான்..." என்று ஆரம்பித்தார். கே.ஓ.டி மெஷின் கிரீச்சென்று ஓடியது. "அப்புறம் சொல்றேன்டா" என்றார். சொல்லவே இல்லை. நானும் அப்புறம் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். படத்தில் எமிலி ஜேமியை விட்டு நகர்ந்தபோது அந்த மெஷின் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

சரி, படத்தின் மேல் என் குறை என்ன? கடைசிப் பதினைந்து நிமிஷம். கொட்டை வகை சேராத ஒரு வாடிக்கையாளரின் தட்டில் ஆண்டியின் கவனக்குறைவால் வால்நட் எண்ணெய் சேர்ந்துவிடுகிறது. அவளை ஆம்புலன்ஸில் கொண்டுபோகிறார்கள். பிறகு நாம் தெரிந்துகொள்வது, ஆண்டி ராத்திரி முழுக்கக் கையில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலில் இருந்தது தண்ணீர் இல்லை, மது. கூடவே கொக்கைன். சிகிச்சைக்குப் போகிறேன் என்று போனில் வாக்குக் கொடுக்கிறார், இருப்பதைக் கொட்டுகிறார், விழுகிறார். திரை இருட்டு.

நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முக்கால் படம் வரை ஒரு தொழில் எப்படி எல்லாரையும் அரைக்கிறது என்று காட்டிவிட்டு, முடிவில் ஒரு மனிதனின் பழக்கத்தைக் காரணமாகக் கையில் கொடுக்கிறார்கள். பார்ப்பவருக்கும் அது வசதி. "பாவம், குடிச்சு அழிஞ்சான்" என்று எழுந்து போய்விடலாம். ஜேமி குடிக்கவில்லை, சோஃபியா குடிக்கவில்லை. அவர்களுக்கு என்ன காரணம் சொல்வது? படம் தானே சேகரித்த சாட்சிகளைத் தீர்ப்பு எழுதும்போது மறந்துவிட்டது. 2023-ல் பிபிசிக்காக இதைத் தொடர்ந்து நான்கு பகுதித் தொடர் எடுத்தார்கள். அதில் கார்லி தனியாக உணவகம் நடத்துகிறாள். முதலாளி மாறியும் கடிகாரம் மாறவில்லை என்பது அங்கே இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

இந்தக் குறை ஒரு படத்தோடு நிற்கிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். ஊழியர் நலம் என்ற பெயரில் நடப்பதும் பெரும்பாலும் இதே தர்க்கத்தில்தான் போகிறது. பிரச்சினை அந்த ஆளுக்குள்ளே இருக்கிறது, ஆகவே மருந்தையும் அந்த ஆளுக்குள்ளேயே செலுத்து. மூச்சுப் பயிற்சி, ஒருநாள் யோகா, 'பாசிட்டிவா யோசி' வகுப்பு. இவை கெட்டவை என்று சொல்லவில்லை. ஆனால் 2019-ல் உலக சுகாதார நிறுவனம் 'பர்ன்அவுட்' என்பதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த நிகழ்வு என்றுதான் வகைப்படுத்தியது. 2022-ல் அது வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தனிநபருக்கான பயிற்சிகளோடு, வேலைச் சூழலை மாற்றுவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் பரிந்துரைக்கின்றன. டூட்டி சார்ட் போடுகிறவரிடமிருந்து தொடங்கு என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1983-ல் வெளியிட்ட 'தி மேனேஜ்டு ஹார்ட்' நூலில் விமானப் பணிப்பெண்களைக் கவனித்து எழுதினார். அவர்களின் புன்சிரிப்பும் விற்பனைச் சரக்கில் ஒரு பகுதி, அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்றார். இதை உணர்ச்சி உழைப்பு என்று சொல்லலாம். முகத்தில் மட்டும் சிரிப்பது ஒரு வகை, உள்ளே உண்மையிலேயே அப்படி உணரும்படி தன்னைப் பழக்கிக்கொள்வது இன்னொரு வகை. ஆண்ட்ரியா அந்த மேஜையில் செய்வது இந்த உழைப்பைத்தான். மூட்டை தூக்கினவன் ஓரமாக உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவமானத்தை விழுங்கிச் சிரித்தவள் உட்கார்ந்தால் "என்ன வேலை நடக்கலையா?" என்பார்கள். அவள் தூக்கிய எடை கண்ணுக்குத் தெரிவதில்லை.

உட்காருவது என்றதும் ஞாபகம் வருகிறது. 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. கேரளம் 2018-லேயே செய்தது. ஒரு நாற்காலிக்கே சட்டம் தேவைப்பட்டது என்றால், ஒருவர் பேசுவதைக் கேட்கப் பத்து நிமிஷத்துக்கு என்ன தேவைப்படும்?

உதவி எண்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தியாவில் 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற இலவசச் சேவை இருக்கிறது, எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். அதை எல்லா ஊழியர் கேன்டீன் சுவரிலும் ஒட்டட்டும். ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் டூட்டிக்குள் நுழையும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வெளியே வரும்போது நள்ளிரவு, உடம்பில் பேசத் தெம்பு இருக்காது. சுவரில் ஒட்டுகிறவர்கள், அந்த எண்ணை எந்த நேரத்தில், எங்கே நின்று கூப்பிடுவது என்பதையும் சேர்த்து யோசித்தால் நல்லது.

படத்தைக் கட்டாயம் பாருங்கள். பார்க்கும்போது ஆண்டியை விட்டுவிட்டு ஜேமி எங்கே போனான் என்று தேடிப் பாருங்கள். நான் அந்த அண்ணனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்ல ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நிற்கிறது.