பிக் விஸ்கியின் அறிவிப்புப் பலகை

கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'அன்ஃபர்கிவன்' (1992) படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வன்முறையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கொலை எவ்வளவு அசிங்கமான காரியம், வெஸ்டர்ன் படங்கள் கட்டியெழுப்பிய வீர பிம்பத்தை இது எப்படிப் போட்டு உடைக்கிறது என்றெல்லாம். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கதையின் பாதி தொங்குவது ஒரு மரப்பலகையில். வயோமிங்கில் பிக் விஸ்கி என்ற கற்பனை ஊர். அதன் எல்லையில் ஒரு அறிவிப்பு. ஊர்ச் சட்டம் எண் 14: ஊருக்குள் துப்பாக்கி கூடாது, கொண்டுவந்தால் ஒப்படைத்துவிடு. அந்தச் சட்டத்தைப் படம் என்ன செய்கிறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

கர்ணனின் குதிரைப் படங்களையும் டெக்ஸ் வில்லர் காமிக்ஸையும் பார்த்து வளர்ந்த நமக்கு, மேற்கு அமெரிக்கா என்றாலே இடுப்பில் தொங்கும் ரிவால்வர்தான். வேட்டி மாதிரி, அது இல்லாமல் ஆண்பிள்ளை வெளியே வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டோம். நிஜத்தில் டாட்ஜ் சிட்டியில் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தடை என்று தெருவிலேயே பலகை வைத்திருந்தார்கள். அரிசோனாவின் டூம்ஸ்டோனில் 1881 ஏப்ரலில் நகரச் சட்டம் எண் 9 வந்தது. அனுமதி இல்லாமல் ஊருக்குள் ஆயுதம் தூக்கக்கூடாது. வெளியூர்க்காரன் வந்தால் குதிரை லாயத்திலோ மதுக்கடையிலோ ஒப்படைத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொண்டு போகவேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவது போலத்தான்.

உலகமே அறிந்த ஓ.கே. கோரல் சண்டை இந்தச் சட்டத்தின் பேரில் நடந்தது. (கோரலுக்குள் நடக்கவில்லை, அதன் பின்புறம் ஃப்ரீமான்ட் தெருவை ஒட்டிய காலி மனையில் நடந்தது. ஆனால் 'காலி மனைச் சண்டை' என்று யார் டிக்கெட் வாங்குவார்கள்?) 1881 அக்டோபர் 26 காலை ஐக் கிளான்டன் ஆயுதத்தோடு ஊருக்குள் திரிந்தான். மார்ஷல் வர்ஜில் ஏர்ப் அவன் தலையில் ஒன்று போட்டு, கோர்ட்டுக்கு இழுத்துப்போனார். 25 டாலர் அபராதம். அன்று மதியம் மற்றவர்களின் துப்பாக்கியை வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு வர்ஜில் தன் தம்பிகள் இருவரோடும் டாக் ஹாலிடேயோடும் நடந்தார். அரை நிமிடத்தில் மூன்று பேர் செத்தார்கள்.

ஜான் ஃபோர்டு 1946-இல் 'மை டார்லிங் கிளமென்டைன்' எடுத்தபோது காரணத்தையே மாற்றிவிட்டார். அதில் ஏர்ப் சகோதரர்களில் ஒருவனான ஜேம்ஸ் கொல்லப்படுகிறான், அண்ணன் பழிவாங்குகிறான். நிஜ ஜேம்ஸ் 1926 வரை உயிரோடு இருந்தவர். லைசென்ஸ் தகராறு ரத்தப் பழியாக மாறிவிட்டது. 1993-இல் வந்த 'டூம்ஸ்டோன்' படத்தில் வர்ஜில் ஆயுதத் தடை கொண்டுவருகிற காட்சி இருக்கிறது. ஆனால் அங்கேயும் அது வீண் வம்பு என்பதுபோல வயட் எரிந்து விழுகிறார்.

ஈஸ்ட்வுட் இவர்களைவிட நேர்மையானவர். சட்டத்தை நடுவில் வைக்கிறார். ஆனால் எப்படி வைக்கிறார்? இங்கிலீஷ் பாப் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு ஊருக்குள் வருகிறான். ஷெரிஃப் லிட்டில் பில் அவனை நடுத்தெருவில் போட்டு மிதிக்கிறார். ஜீன் ஹாக்மன் இதைச் செய்கிற விதம் இருக்கிறதே, ஒரு தச்சன் வேலை பார்க்கிற நிதானம்! அடுத்து வில்லியம் மன்னியும் அதே குற்றத்துக்கு அதே உதை வாங்குகிறான். கோர்ட் இல்லை, ரசீது இல்லை. ஒரு பெண்ணின் முகத்தைக் கத்தியால் கிழித்தவர்களுக்கு அபராதம் சில குதிரைகள், துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு பூட்ஸ் கால். ஆயுதச் சட்டம் என்றால் ஒரு முரடனின் சொந்த விருப்பம் என்று பார்வையாளன் மனதில் பதிந்துவிடுகிறது. டூம்ஸ்டோனின் 25 டாலர் அபராதத்துக்கு இங்கே இடமில்லை.

கடைசிக் காட்சிக்கு வருவோம். மன்னி மதுக்கடைக்குள் நுழைந்து முதலாளி ஸ்கின்னியைச் சுடுகிறான். ஆயுதமில்லாதவனைச் சுட்டாயே கோழை என்கிறார் ஷெரிஃப். மன்னியின் பதில் சுருக்கமாக இதுதான்: என் நண்பனின் பிணத்தைக் கடை வாசலில் அலங்காரத்துக்கு வைக்கிறவன் ஆயுதம் வைத்திருந்திருக்கணும். தியேட்டரில் கைதட்டல் வாங்குகிற இடம். கொஞ்சம் நிதானித்தால், கையில் துப்பாக்கி இல்லாதது செத்தவனின் தப்பு என்றாகிறது. பெர்மிட்டே வேண்டாம், எல்லாரும் எடுத்துச் செல்லட்டும் என்று இன்று வாதிடுகிறவர்களின் மனக்கணக்கும் ஏறக்குறைய அதுதான்.

இது வெறும் சினிமாப் பேச்சில்லை. 2022 ஜூனில் 'ப்ரூயன்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனிக் காரணம் காட்டினால்தான் வெளியே எடுத்துச்செல்ல லைசென்ஸ் என்ற நியூயார்க் சட்டத்தை ஆறுக்கு மூன்று என்று ரத்து செய்தது. ஆயுதக் கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் தேசத்தின் பழைய வழக்கத்தில் முன்மாதிரி காட்டவேண்டும் என்றது. அரிசோனா உள்ளிட்ட மேற்குப் பிரதேசங்களின் பழைய தடைகளை எடுத்துக் காட்டினார்கள். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் ஏற்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று ஒதுக்கினார். வேடிக்கைதான் போங்கள். சினிமாவில் அந்த ஒரு சதவீதம்தானே மொத்த அமெரிக்கா! டூம்ஸ்டோன் இருக்கிற அரிசோனா 2010-இலேயே பெர்மிட் தேவையை எடுத்துவிட்டது. பிக் விஸ்கியின் வயோமிங் 2011-இல் தன் குடிமக்களுக்கும், 2021-இல் வெளியூர்க்காரர்களுக்கும் எடுத்துவிட்டது. 2024-க்குள் இப்படி 29 மாநிலங்கள்.

ஆனால் ஈஸ்ட்வுட்டின் சந்தேகத்தை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். துப்பாக்கியைக் கேட்டு வாங்குகிறவன் யார் என்ற கேள்வி பொய்யில்லை. டூம்ஸ்டோன் விசாரணையில் ஏர்ப்களை விடுவித்த நீதிபதி ஸ்பைசரே, ஏற்கெனவே பகை முற்றியிருந்த வயட்டையும் ஹாலிடேயையும் வர்ஜில் துணைக்கு அழைத்தது விவேகமில்லை என்று குறிப்பிட்டார். ப்ரூயன் வழக்கில் நியூயார்க் சட்டத்தை எதிர்த்து மனுப் போட்டவர்களில், ஏழைகளுக்காக வாதாடும் பிராங்க்ஸ் பகுதி வழக்கறிஞர்களும் இருந்தார்கள். லைசென்ஸ் இல்லாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் கறுப்பின, லத்தீன் கட்சிக்காரர்கள்தானே என்று கேட்டார்கள். துப்பாக்கிப் பிரியர்களோடு ஒரே பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தேதான் நின்றார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நெட் லோகன் வரும் காட்சிகளை மறுபடி பாருங்கள். மார்கன் ஃப்ரீமன் நடித்த நெட், பாதியிலேயே மனம் மாறி ஊர் திரும்பப் புறப்பட்டவன். அந்தக் கூலிக் கொலைகளில் அவன் யாரையும் கொல்லவில்லை. கூட்டத்தில் பிடிபட்டவன் அவன் ஒருத்தன்தான். கம்பியில் கட்டிச் சவுக்கால் அடிபட்டுச் சாகிறவனும் அவன்தான். படத்தில் ஒருவர்கூட அவன் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சவுக்கு மட்டும் திரும்பத் திரும்ப விழுகிறது.