இரட்டை வாசல் அட்டை

இரண்டு 10 கிகாபிட் போர்ட் உள்ள நெட்வொர்க் கார்டை இரு கணினிகளிலும் பொருத்தி, இரண்டு கேபிள்களால் நேரே இணைத்தால், நடுவில் சுவிட்ச் இல்லாமலே 20 கிகாபிட் பாதை கிடைக்கிறது. ஆனால் ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தால் வேகம் பத்தைத் தாண்டுவதில்லையே என்பார்கள். உண்மைதான். பல கம்பிகளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும், 2000-இல் வந்த 802.3ஏடி தரப்படி, ஒரே உரையாடலின் பொட்டலங்கள் ஒரே கம்பியில்தான் போகும். மாற்றி மாற்றி அனுப்பினால் பின்னது முந்திக்கொண்டு வரும். வரிசை குலைந்ததை இழப்பென்று எண்ணி டிசிபி வேகத்தைக் குறைத்துவிடக்கூடும். ஒரே கம்பியில் போகும் இந்த நிதானத்தை நான் அழகென்றே கொள்கிறேன். பல உரையாடல்கள் ஒரே நேரத்தில் நடக்கும்போது இரு வாசலும் நிறைகின்றன. ஒரே கோப்புக்கும் இரண்டும் வேண்டுமா? விண்டோஸ் சர்வர் 2012-இல் வந்த எஸ்எம்பி மல்டிசேனல் வேலையைப் பல இணைப்புகளாகப் பிரித்து இரு போர்ட்டிலும் ஓட்டுகிறது.

இதற்குப் பதில் ஒரே 25 கிகாபிட் போர்ட் போதாதா? தனி ஓட்டத்துக்கு அதுவே எளிது. ஆனால் அதன் கேபிள் கழன்றால் எல்லாம் நிற்கும். இங்கே பாதி வேகத்திலாவது வேலை நடக்கும். மூன்று கணினிகளை முக்கோணமாகக் கோக்கவும் இரட்டை வாசலே உதவும். வாங்குமுன் பார்க்க வேண்டியது மதர்போர்டின் ஸ்லாட்டை: பிசிஐஇ 3.0-இன் எட்டு லேன்கள் சுமார் 63 கிகாபிட்தான் தாங்கும், இரண்டு 40 கிகாபிட் போர்ட்டுகள் அங்கே முழுதாக ஓடாது.