மாமல்லைப் புடைப்புச் சிற்பமும் மாற்று உரையும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைப் புடைப்புச் சிற்பம் பல்லவர் கலை பற்றிய கருத்தரங்க ஸ்லைடுகளில் தவறாது இடம்பெறுவது. பார்வையற்ற ஆய்வாளர் அந்த ஸ்லைடைத் திறக்கும்போது, திரைவாசிப்பான் படத்தோடு இணைத்து எழுதப்பட்ட மாற்று உரையைப் படிக்கிறது. அது எழுதப்படாதவிடத்து, ‘படம்’ என்றோ கோப்பின் பெயரையோ ஒலித்துவிட்டுக் கடந்துபோகிறது. தமிழ்த் துறைகளில் பார்வையற்ற மாணவரும் ஆசிரியரும் பலராதலின் இதனை ஓரத்துச் சிக்கலாகக் கொள்ளவியலாது.

மாற்று உரை எழுதுவோரும் ‘அர்ச்சுனன் தபசு’ என்னும் இரு சொற்களோடு அமைந்துவிடுவதுண்டு. இதன் குறை சுருக்கத்தில் இல்லை. தீர்ப்பை முன்னரே வழங்கிவிடுவதில் உள்ளது. இச்சிற்பம் பாசுபதம் வேண்டிய அர்ச்சுனனைக் குறிக்கிறதா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனைக் குறிக்கிறதா என்பது நெடுநாள் விவாதம். ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தி நிற்கும் மெலிந்த தவசியும், அருகில் வரமருளும் சிவனும் இரு கதைகளுக்கும் பொருந்துவர். பாறையின் நடுப்பிளவும், அதில் மேலெழும் நாகர் உருவங்களும் கங்கைக் கதையை நோக்கி இழுக்கின்றன. பார்வையுடையோர் இச்சான்றுகளைக் கண்டு எடைபோடுகையில், பார்வையற்றவருக்குப் பெயர் மட்டுமே கிடைக்கிறது. விவாதத்தில் அவருக்கு இடமில்லாது போகிறது.

இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 1.1.1ஆம் விதி, மாற்று உரை படத்திற்கு இணையான நோக்கத்தை நிறைவேற்ற வேண்டும் என்கிறது. ‘நோக்கம்’ என்னும் சொல் இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. ஒரே படத்திற்கு நிலையான ஒரே விளக்கம் இல்லை. அடையாள விவாதத்தைப் பேசும் ஸ்லைடில், “நடுவே பிளவுண்ட பாறை, பிளவில் கைகூப்பிய நாகர், ஒருபுறம் ஒற்றைக் காலில் நிற்கும் தவசி, அருகில் நான்கு கைகளுடன் சிவன்” என்பது தகும். பல்லவச் சிற்பியின் நகைச்சுவையைப் பேசும் ஸ்லைடிலோ, தவசியைப் போலவே முன்கால்களை உயர்த்தி நிற்கும் பூனையும் அதன் அருகிலுள்ள எலிகளுமே முதலில் வரவேண்டும், நாகரை விட்டுவிடலாம். கல்வெட்டுப் படமாயின் ‘எழுத்துப் பொறித்த கல்’ என்பதால் பயனில்லை. வாசகமே மாற்று உரையாதல் வேண்டும்.

ஆகவே இப்பணியைத் தொழில்நுட்பரிடம் ஒப்படைத்துவிட இயலாது. நாவலூரை ஒட்டிய பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்துள்ளன. சற்றுத் தெற்கே முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் சிறப்புக் கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுகிறது. கருவியும் பயிற்சியும் அருகிலேயே உள்ளன. எனினும் எந்தக் கூறு சான்று, எது அணி என்று தெரிந்தவர் கட்டுரையாளரே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு மின்னூடக உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. எதை விளக்குவது என்பதைச் சட்டம் சொல்லித்தராது.

தமிழுக்கே உரிய மற்றொரு தடையும் உண்டு. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்ற பின்னரும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஸ்லைடுகள் உருவாகின்றன. அவற்றில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினியுள் இருப்பது இலத்தீன் எழுத்து. திரைவாசிப்பான் உள்ளிருப்பதையே படிக்கும். மாற்று உரைப் பெட்டியில் எழுத்துருவைத் தெரிவுசெய்யவும் வழியில்லையாதலின், பாமினியில் தட்டச்சிட்ட விளக்கம் அங்கு எழுதியவர் கண்ணுக்கே இலத்தீன் எழுத்துக் குவியலாகத் தோன்றும்.