மாளிகைமேட்டு ஓடு

பரங்கிப்பேட்டையில் கடல் சேரும் வெள்ளாற்றுக்கும் தெற்கே ஓடும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேற்கில் இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம். அங்கே சோழப் பேரரசன் ராசேந்திரன் எழுப்பிய பெரிய கோயில் நிற்கிறது. அவன் வாழ்ந்த அரண்மனை இல்லை. இறைவனுக்குக் கல், அரசனுக்குச் செங்கலும் மரமும். சோழ கேரளன் திருமாளிகை என்று கல்வெட்டு சொல்லும் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்த அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் 1980 முதல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் சுவர்களின் அடித்தளமும், மரத்தூண் நிறுத்திய கருங்கல் தாங்கிகளும், கூரை ஓடுகளும், அவற்றை அறைந்த இரும்பு ஆணிகளும் கிடைத்தன. எனக்கு மிகப் பிடித்தது அந்த ஓடுதான். பேரரசனின் தலைக்கு மேல் மழையைத் தடுத்தது சுட்ட களிமண்! செங்கற்களை ஊரார் பெயர்த்துப் போனார்கள்; கோயில் மதிற்கல்லோ 1836-இல் கொள்ளிடத்தின் கீழணைக்குப் போனது.

கோயிலுக்குப் போகிறவர்கள் தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகப் போய் அந்தச் சுவர்களையும் பாருங்கள்.