டாக்டர் பட்டத்துக்குப் பின்

அறிவியலிலோ பொறியியலிலோ ஒருவர் டாக்டர் பட்டம் பெற்றார் என்றால் நம்மவர் பெரிதும் மகிழ்கின்றனர். பொன்னாடை போர்த்துகின்றனர், செய்தித்தாளில் படம் வெளிவருகின்றது, பள்ளி விழாவில் தலைமையாசிரியர் அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை ஊக்குகின்றார். இவையெல்லாம் நல்லனவே. ஆனால், பத்தாண்டு கழித்து அவர் எங்கே இருக்கின்றார், கற்ற கல்வி அவருக்கும் நாட்டுக்கும் எவ்வாறு பயன்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலரே. பட்டமளிப்பு நாளோடு கதை முடிந்தது என்று எண்ணிவிடுகின்றோம். உண்மையில் அன்றுதான் அது தொடங்குகின்றது.

அதன் பின் நிகழ்வதை அறிய நமக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று கணக்கெடுப்பு, மற்றொன்று வாழ்க்கை வரலாறு. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆயர் ஈத்தாமில் வாழும் நமக்கு இது தொலைவான பொருளன்று. நமக்கு அண்மையில் மிண்டனில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம், 1969-இல் பினாங்குப் பல்கலைக் கழகம் என்னும் பெயருடன் தோன்றியது. 1972 முதல் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. 2011-இல் தொடங்கிய ‘மை பிரேய்ன் 15’ என்னும் அரசுத் திட்டமோ, 2023-ஆம் ஆண்டுக்குள் இந்நாட்டில் 60,000 டாக்டர் பட்டதாரிகள் இருக்க வேண்டும் என்று குறி வைத்தது. “என் மகனை மேலே படிக்க வைக்கலாமா? படித்தால் என்ன ஆவான்?” என்று பெற்றோர் நம் ஆசிரியர்களிடம் கேட்கும்போது, 60,000 என்னும் எண் விடையாகுமா? ஆகாது. அது எத்தனை பேர் வாயிலைக் கடக்க வேண்டும் என்று சொல்கின்றதே அன்றி, கடந்தவர் எங்கே செல்வர் என்று சொல்லவில்லை.

கடந்தவர்களைத் தொடர்ந்து சென்று கேட்கும் முயற்சியில் முதன்மையானது அமெரிக்கருடையது. அங்கே 1957 முதல், ஆண்டுதோறும் டாக்டர் பட்டம் பெறும் ஒவ்வொருவரிடமும் வினாத்தாள் கொடுத்து விவரம் திரட்டுகின்றனர். 1973-இல் அதற்கு மேலும் ஒரு படி சென்றனர். அறிவியலும் பொறியியலும் கற்ற டாக்டர்களுள் ஒரு பகுதியினரைத் தேர்ந்து, அவர்கள் 76 வயதை எட்டும்வரை சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் மீண்டும் வினவத் தொடங்கினர். என்ன வேலை, என்ன ஊதியம், அவ்வேலை பட்டத்தோடு நெருங்கிய தொடர்புடையதா, ஓரளவு தொடர்புடையதா, தொடர்பே இல்லாததா, இல்லையெனில் ஏன் என்று கேட்கின்றனர். இதனால் வெளிப்பட்ட உண்மைகள் பல. டாக்டர் பட்டம் பெற்றவரெல்லாம் பேராசிரியர் ஆவர் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். ஆனால் அங்கே ஏறத்தாழப் பாதிப்பேர் கல்விக்கூடங்களுக்கு வெளியே, தொழிற்சாலைகளிலும் அரசுத் துறைகளிலும் பணிபுரிகின்றனர். இதனை ஒரு மாணவன் முன்கூட்டியே அறிந்திருந்தால், பின்னர் அதனைத் தோல்வி என்று எண்ணி வருந்தமாட்டான்.

இத்துணைச் சிறப்புடைய முறையிலும் குறைகள் உண்டு. அவற்றை மூவர் வாழ்க்கை நன்கு காட்டும்.

முதலாமவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் 1952-இல் பிறந்தவர். அமெரிக்காவின் ஒகாயோ பல்கலைக் கழகத்தில் 1976-இல் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பெற்ற கையோடு அத்துறையை விட்டு விலகி, உயிரியலில் மீண்டும் மாணவராய்ச் சேர்ந்தார். பின்னர் ஏறத்தாழ 50 கல்விக்கூடங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி கிடைக்கவில்லை. 1980-இல் ஒரு கணக்காளர் அவரைக் கண்டிருந்தால் எவ்வாறு குறித்திருப்பார்? துறை மாறியவர், நிலையான பணி அற்றவர் என்றுதானே? அக்குறிப்பில் பொய் இல்லை. ஆயினும் அவர், உயிரணுவில் புரதம் உருவாகும் இடமான ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து, 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசை மற்றிருவரோடு பகிர்ந்து கொண்டார். இயற்பியலில் பட்டம், உயிரியலில் உழைப்பு, வேதியியலில் பரிசு! ஓடும் ஆற்றை ஓரிடத்தில் நின்று அளப்பவருக்கு அது சேரும் கடல் தெரிவதில்லை.

இரண்டாமவர் ஜானகி அம்மாள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்ற தாவரவியலார். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தார். பிறகு இங்கிலாந்தில் பணியாற்றினார். 1951-இல் நேருவின் அழைப்பை ஏற்று இந்தியா திரும்பினார். ஒரு நாட்டின் எல்லைக்குள் நின்று எண்ணும் கணக்கில் இத்தகையவர் கப்பலேறிய அன்றே மறைந்துவிடுவார். அமெரிக்கக் கணக்கும் நெடுங்காலம் தன் நாட்டில் வாழ்வோரையே எண்ணியது. வெளிநாடு சென்றவர்களைப் பிற்காலத்திலேதான் சேர்த்துக் கொண்டது. கல்விக்காகவும் பிழைப்புக்காகவும் கடல் கடப்பதே வழக்கமாகிவிட்ட நம் இனத்தாருக்கு இக்குறை சிறிதன்று.

மூன்றாமவர் அன்னா மாணி. பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக் கூடத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து, 1945-இல் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு ஆய்வேடு அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று கூறி அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவரோ சோர்ந்துவிடவில்லை. 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை நாட்டிலேயே செய்வதற்கு வழிவகுத்து, அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். டாக்டர்களை எண்ணும் எந்தக் கணக்கிலும் இவருக்கு இடமில்லை. பட்டம் பெற்றவர்களிடமிருந்தே தொடங்கும் கணக்கு, வாயிலில் தடுக்கப்பட்டவர்களை அறியாது.

அங்ஙனமாயின் கணக்கெடுப்பைத் தள்ளிவிட்டு வாழ்க்கை வரலாற்றையே நம்பலாமா? அதுவும் பிழையே. நம் பாட நூல்களிலும் இதழ்களிலும் வரும் அறிவியலார் வரலாறுகள் பெரும்பாலும் வெற்றி பெற்றவர் வரலாறுகளே. இராமன் 1907 முதல் பத்தாண்டு நிதித்துறை அலுவலராய் இருந்து, 1917-இல் கல்கத்தாவில் பேராசிரியரானதைச் சுவையாக எழுதுகின்றோம். அலுவலக நாற்காலியிலேயே ஆராய்ச்சி ஆசை கரைந்துபோனவர் எத்தனை பேர்? இராமகிருஷ்ணனைப் போலவே ஐம்பது விண்ணப்பம் எழுதி, ஐம்பத்தோராவதும் பயனின்றிப் போனவர் எத்தனை பேர்? அவர்களுக்கு நூல் இல்லை, சிலை இல்லை. அவர்களை ஓர் ஆளாக மதித்து, “நீ எங்கே இருக்கின்றாய்?” என்று கேட்பது கணக்கெடுப்பு ஒன்றே. பெயர் பெறாதவருக்கு அது செய்யும் நீதி இது. வெற்றிக் கதைகளை மட்டும் கேட்டு வளரும் மாணவன், தனக்கு நேரும் தடையைத் தன் குற்றம் என்றே நினைப்பான். அட்டவணையை மட்டும் காணும் மாணவனோ முதல் தடையிலேயே திரும்பிவிடுவான். ஆகவே ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்ப வேண்டும்.

இந்நாட்டில் பட்டதாரிகளைப் பற்றிய விவரம் பட்டமளிப்பு விழாவை ஒட்டி வினாத்தாள் வழியாகத் திரட்டப்படுகின்றது. அது வேண்டியதே. ஆனால் அது முதல் அடியை மட்டுமே காணும். டாக்டர் பட்டம் பெற்றவரின் பாதையோ, பல ஆண்டு தற்காலிக ஆராய்ச்சிப் பணிகளைக் கடந்து பிறகே தெளிவாகும். பட்டங்களின் எண்ணிக்கைக்கு இலக்கு வைப்பது எளிது. பட்டம் பெற்றவர்களுக்கு ஏற்ற பணியிடங்களும் ஆய்வுக் கூடங்களும் அமைப்பது அரிது. அரிதானது நடந்ததா என்பதைப் பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் கேட்டாலன்றி அறிய முடியாது.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. தமிழ்ப் பள்ளிதோறும் ஒரு பதிவேடு வைக்கலாம். அப்பள்ளியில் பயின்று அறிவியலோ பொறியியலோ உயர்நிலையில் கற்றவர் யார், எந்த ஆண்டு, எந்தத் துறை, இப்போது என்ன பணி என்று ஐந்தாண்டுக்கு ஒரு முறை எழுதிக் கேட்கலாம். அப்பதிவேட்டில் பட்டம் பெற்றவரோடு, இடையில் நின்றவர் பெயரும் இருத்தல் வேண்டும். துறை மாறியவரும், கடல் கடந்தவரும் இருத்தல் வேண்டும். நின்றதும் மாறியதும் ஏன் என்று அவர்களே தம் சொற்களில் எழுத இடம் விட வேண்டும். கணக்கும் வரலாறும் அங்கே ஒரே ஏட்டில் கூடும்.

பிறகு ஒரு தாய் வந்து, “என் மகன் படித்தால் என்ன ஆவான்?” என்று கேட்கும்போது, நம் ஆசிரியர் வெறும் ஊக்கச் சொல்லோடு நிற்க மாட்டார். “இந்தப் பள்ளியிலிருந்து சென்றவர் இன்னின்னவாறு ஆயினர், அம்மா” என்று ஏட்டைத் திறந்து காட்டுவார். அந்த விடை அவளுக்குப் போதும்.