எட்டு நாள் லீவு

நம் சிறுகதைகளில் வயதான உழைக்கும் பெண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. தோட்டத்தில் பால்வாளி சுமந்தவள், இப்போது துடைப்பம் பிடிக்கிறாள். நான் படித்தவரை கதை அநேகமாக அவள் வீடு திரும்பிய பிறகுதான் தொடங்கும். முட்டியில் தைலம், கண்டுகொள்ளாத மகன், கடைசிப் பத்தியில் ஓர் இருமல். வேலையிடம் கதைக்குள் வருவதே இல்லை. எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள், யாரை ஏமாற்றிக் கால்மணி நேரம் கண்ணயர்ந்தாள்? தெரியாது.

நானும் இப்படி ஒரு கதை எழுதியவன்தான். (ரெண்டு பேர் அழுததாகச் சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது.) அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு 57 வயது. ஒரே பள்ளியில் 17 வருடமாகத் துப்புரவு வேலை.

"நல்லாத்தான்யா இருக்கு. ஆனா அந்தப் பொம்பள ஏன் லீவு போடாம வலியோட வேலைக்குப் போகுது? அத எழுதலியே."

கதையே அங்கேதான் இருந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் தாண்டியவருக்கு வருடத்துக்கு 16 நாள் லீவு, 22 நாள் எம்.சி. இரண்டு வருடம் ஆகாதவருக்கு 8, 14. அம்மாவின் வேலை குத்தகையில் ஓடுவது. குத்தகை கைமாறும்போதெல்லாம் அவர் புது கம்பெனிக்குப் புது ஆள். அதே தாழ்வாரம், அதே கழிவறை. சட்டை நிறம்தான் மாறும். போன வருடமும் மாறியது. 17 வருடத்துக்குப் பிறகும் அவர் கணக்கில் எட்டு நாள்.

சட்டத்தை எழுதினால் அது கட்டுரை, கதையாகாது என்றான் நண்பன். இன்ஜினியர் புத்தி என்றும் சொன்னான். எனக்கு உடன்பாடில்லை. மகன் வயது சூப்பர்வைசர் நீட்டும் பாரத்தில், 'வேலையில் சேர்ந்த தேதி' என்ற கட்டத்தில் போன வருடத்துத் தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள் ஒருத்தி. தைலம் தேய்க்கும் கையைவிட இந்தக் கை எனக்குக் கனமாகத் தெரிகிறது.

இன்னொன்று. பரிதாபத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு அவளுடைய சாமர்த்தியத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம். அம்மாவும் கூட்டாளிகள் மூன்று பேரும் அன்றைக்கு யாருக்கு முட்டி வலி என்று பார்த்து மாடி வேலையை மாற்றிக்கொள்வார்கள். சூப்பர்வைசருக்குத் தெரியாது. (இனிமேல் தெரியலாம்.) இவ்வளவு நுட்பமான ஏற்பாடு, ஒருத்தி தவறாமல் அழும் என் கதையில் எங்கேயும் இல்லை.

இப்போது அங்கிருந்து தொடங்கித் திருத்துகிறேன். முதல் பத்தியைக் கேட்டதுமே அம்மா நிறுத்திவிட்டார்.

"ரெண்டு மாடின்னு போட்டிருக்க. மூணு மாடிய்யா."